தனி ஆளாக

‘தனி ஆளாக’ என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். சொல்லின் மேல் குற்றம் இல்லை. புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒருத்தியைப் பற்றிப் பேசும்போது அதில் மரியாதை இருக்கிறது. வயதானவரைப் பற்றி ‘தனி ஆளாக இருக்கிறார்’ என்றால் பரிதாபம். ‘தனி ஆளா வா, பாத்துக்கறேன்’ என்றால் அடி விழப்போகிறது. பேருந்தில் நடத்துநர் ‘தனி ஆளா?’ என்று கேட்டால் ஒரு சீட்டு கிழிக்கப்போகிறார், அவ்வளவுதான். இப்படி எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல்லை நான் ஒரே ஒரு முறை, அதுவும் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டி, எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அதன் பலனை அனுபவித்தவர் என் மச்சான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவர். பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் ஜோடி. அவர் எங்கே போனாலும் பின்னால் நான் போவேன் என்பதால் பட்டறையில் எனக்கு ‘வால்’ என்று பெயர். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஆனால் அந்தப் பெயருக்குக் கோபித்துக்கொண்டால் அது இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று சிரித்துவைப்பேன். பதினோரு வருடம் சிரித்து வைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு கட்டம் உண்டு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லிஃப்டைக் கையால் நகர்த்த வேண்டும். அதற்கு இரண்டு பேர். ஒருவர் பிரேக் லீவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் மோட்டாரின் பின்பக்கச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற லிஃப்ட் அங்குலம் அங்குலமாக நகரும். கம்பிவடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பெயின்ட் கோடு இருக்கும். கோடு நேராக வந்ததும் லீவரை விட்டுவிட வேண்டும், பிரேக் விழுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு சக்கரத்துக்காரர் சாவியோடு இறங்கிப் போய்க் கதவைத் திறப்பார்.

லிஃப்டின் இன்னொரு முனையில் ஒரு பெரிய இரும்புப் பாரம் தொங்குகிறது. லிஃப்டில் கூட்டம் இல்லாவிட்டால் அந்தப் பாரம்தான் கனம். சக்கரத்தை யாரும் பிடிக்காத நேரத்தில் லீவரைத் தூக்கினால் பாரம் கீழே போகும், லிஃப்ட் மேலே பறக்கும், சக்கரம் மின்விசிறி மாதிரி சுற்றும். அதனால் லீவரைத் தூக்குவதற்கு முன்னால் மச்சான் ஒவ்வொரு முறையும், “பிடிச்சிருக்கியா மாப்ள?” என்று கேட்பார். நான், “பிடிச்சிருக்கேன் மச்சான்” என்பேன். என் பதில் காதில் விழாமல் அவர் லீவரைத் தூக்கியதே இல்லை. ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, நான் ஸ்பேனரால் தரையைத் தட்டும்வரை காத்திருந்தார்.

புதிய மெஷின்களில் லீவரும் சக்கரமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். கூடாது என்றாலும், ஒருவனே சமாளித்துவிடலாம். எங்கள் கம்பெனியின் கையில் இருந்தவை பெரும்பாலும் புதியவை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மட்டும் பழைய மெஷின். அதில் சக்கரத்தைச் சுற்ற இரண்டு கையும் வேண்டும். லீவரோ அந்தப் பக்கம், ஆறடிக்கு மேல் தள்ளி. இந்த விஷயம் மெஷின் ரூமுக்குள் போய் வருகிற எங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் மேனேஜருக்குத் தெரியாது. அவர் சேர்ந்தது புதிய மெஷின்கள் வந்த பிறகு.

அன்று காலையில் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் வந்தால் பார்ப்பார் என்று என் வாயில் வந்துவிட்டது. என் மனைவி துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். “ஒரு வேலையாவது தனியா செஞ்சிருக்கீங்களா நீங்க? எதுக்கெடுத்தாலும் எங்க அண்ணன்தான் வரணுமா?” அவள் அதைக் கேட்டுவிட்டு அடுத்த துணிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குழாயை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மதியம் அந்த எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு. ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது, உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. நாங்கள் இருவரும் படியேறி ஓடினோம். மச்சான் லீவர், நான் சக்கரம். அவர் கேட்டார், நான் சொன்னேன். இருபது நிமிடத்தில் ஆறாவது மாடிக் கோடு நேராக வந்தது. மச்சான் மெஷினைச் சரிபார்க்க மேலேயே நிற்க, நான் சாவியோடு இறங்கினேன். கதவைத் திறந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றிலும் கூட்டம், கூட்டம் முழுக்கக் கைப்பேசி. கட்டடத்தின் சங்கச் செயலாளர் என் தோளைத் தட்டி, “தனி ஆளாவா செஞ்சீங்க?” என்று கேட்டார்.

இல்லை, மேலே என் மச்சான் இருக்கிறார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை ஆட்டினேன். ‘ஆமாம்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘அதெல்லாம் என்ன பெரிசு’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். அதை நான் தெரிந்தேதான் அப்படி ஆட்டினேன். மறுபடி மேலே போனபோது மச்சான் கை துடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ரூமில் ஒரு பதிவேடு தொங்கும். வேலை முடிந்ததும் சக்கரத்துக்காரர்தான் இரண்டு பேரின் பெயரையும் எழுத வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். நான் என் பெயரை எழுதினேன். மச்சான் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். லீவர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பதிவேட்டை மூடினேன். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கம்பெனிச் செய்தி மலரில் படத்தோடு வந்தது. ‘தனி ஆளாக மீட்டார்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேனேஜர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். சூப்பர்வைசர் பட்டியலில் என் பெயர் ஏறியது. பட்டறையில் ‘வால்’ என்று கூப்பிடுவது நின்றது. உச்சி குளிர்ந்தது என்று சொல்லாவிட்டால் அது இன்னொரு பொய். என் மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அன்று மாலை குழாயை நானே சரிசெய்தேன், இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொட்டியது, அதைக்கூட அவள் குறை சொல்லவில்லை.

மச்சானும் அந்தப் படத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், மூடிவிட்டு ஒரு நிமிடம் நின்று படித்தார். “போட்டோ நல்லா வந்திருக்கு மாப்ள” என்றார். அதோடு முடிந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாள் முகம் பார்க்காமல் இருந்து, எல்லாம் சரியாகியிருக்கும். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது. இனி ஒரு அழைப்புக்கு ஒரு ஆள். ஜோடிகள் பிரிக்கப்படுகின்றன. கூட்டத்தில் மேனேஜர் காரணம் சொன்னபோது என் பக்கம் கையை நீட்டினார். இதோ, நம்மிடையே இருக்கிற ஒருவர் தனி ஆளாகச் செய்து காட்டியிருக்கிறார், மற்றவர்களால் ஏன் முடியாது என்று கேட்டார். கைத்தட்டல் வந்தது. மச்சானும் தட்டினார். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. இருந்தும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அடுத்து நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். பட்டறையில் மேனேஜர் என் பக்கத்தில் நின்று சூப்பர்வைசர் வேலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. மச்சான்.

“மாப்ள, அந்த எட்டு மாடிக் கட்டடம். உள்ள ஒரு பெரியவரும் பேத்தியும் மாட்டிக்கிட்டாங்க. ஆபீஸ்ல இன்னொரு ஆள் கேட்டா, உங்க மாப்ள தனியா செய்யலையான்றாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லேன். இந்த மெஷினுக்குத் தனி ஆள் ஆகாதுன்னு.”

அந்த ஒரு வார்த்தையை யாரிடம் சொல்ல வேண்டுமோ, அந்த மேனேஜர் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “முடியும் மச்சான். பதட்டப்படாம மெதுவா பாருங்க” என்றேன். “சரி மாப்ள” என்று வைத்துவிட்டார்.

அவர் ஒரு கயிற்றால் லீவரைத் தூக்கி ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார். ஒரு கையால் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் கை எட்டாது. கட்டிவிட்டு ஓடி வந்து பிடிப்பதற்குள் சக்கரம் கிளம்பிவிட்டது. நிறுத்த வேண்டும் என்று வலது கையைக் கொடுத்திருக்கிறார். சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் மணிக்கட்டு சிக்கிய நிலையிலும், பக்கத்தில் இழுபட்டு நின்ற கயிற்றைக் காலால் எட்டி உதைத்து அறுத்து பிரேக்கை விழவைத்தார். பெரியவருக்கும் பேத்திக்கும் ஒரு குலுக்கலோடு போயிற்று. மச்சானுக்கு மணிக்கட்டு நொறுங்கி, இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி என்னைத் திட்டவில்லை. தனி ஆளாக எப்படி அனுப்பினார்கள் என்று கம்பெனியைத்தான் திட்டினாள். அவள் திட்டிய ஒவ்வொரு சொல்லும் என் மேல் வந்து விழுந்தது. தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் அவர் காலருகே குனிந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் மாப்ள” என்றார். “விசாரணை வச்சிருக்காங்க. லீவரைக் கட்டினது என் தப்புன்னு என்னை அனுப்பிடுவாங்க. நீ பொய் சொன்னேன்னு தெரிஞ்சா உன்னையும் அனுப்புவாங்க. ரெண்டு வீட்லயும் வேலை போகணுமா? ஒருத்தனுக்காவது நிக்கட்டும்.” அதோடு நிற்கவில்லை. நீ அன்றைக்குத் தனி ஆளாகத்தான் செய்தாய், நான் கீழே வண்டி பக்கம் இருந்தேன் என்று அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம். இடது கையால் கையெழுத்துப் போட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, இடது கையெழுத்து கோழி கிளறிய மாதிரி வந்தது என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். லீவர், பதிவேடு, தலையாட்டல், தொலைபேசி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். தொலைபேசியில் நான் சொன்ன பதிலுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் அன்னிக்குக் குழாய்க்குச் சொன்னதுக்கா இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டாள். இல்லை, அது எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்றேன். அது உண்மை. ஆனால் அவள் நம்பவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாதி கிழிந்து, ‘தனி ஆளாக’ மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டது. அதை ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்தாள். அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

விசாரணை அலுவலக மாடியில் நடந்தது. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர். கையைக் கழுத்தில் தொங்கவிட்ட கட்டோடு மச்சான். நான் எழுந்து, அன்றைக்கு நான் தனி ஆளாகச் செய்யவில்லை, லீவரைப் பிடித்தவர் இவர்தான் என்றேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பரிவோடு என்னைப் பார்த்தார்.

“உங்க மச்சானைக் காப்பாத்தணும்னு நினைக்கறீங்க. புரியுது. ஆனா அவரே எழுதிக் கொடுத்திருக்கார். பதிவேட்டுலயும் உங்க பேர் மட்டும்தான் இருக்கு.” பதிவேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். வெறுமையாக விட்ட கட்டம் அப்படியே இருந்தது. என் கையெழுத்து அழகாக இருந்தது. மச்சான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொன்னபோது தலையாட்டலே போதுமானதாக இருந்தது. உண்மைக்கு எழுதிய தாள் கேட்டார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மெஷின் ரூமுக்கு வாருங்கள், செய்து காட்டுகிறேன் என்றேன். என்னத்தைச் செய்து காட்டுவீர்கள் என்றார் பாதுகாப்பு அதிகாரி. நான் தனி ஆளாகச் செய்ததைத் திரும்பச் செய்து காட்டுகிறேன், பாருங்கள் என்றேன்.

அந்தக் கட்டடத்துக்குப் போய் எட்டு மாடியும் படியேறினோம். மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. அந்த அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. ஜன்னல் கம்பியில் அறுந்த கயிற்றின் முனை இன்னும் தொங்கியது. அதை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. தரையை மட்டும் கழுவியிருந்தார்கள். லிஃப்ட் காலி என்று உறுதிசெய்து, மின்சாரத்தை நிறுத்தினேன். மச்சான் கதவோரம் நின்றார்.

நான் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். இதுதான் சக்கரம் என்றேன். பிறகு ஒரு கையை எடுத்து லீவரை நோக்கி நீட்டினேன். எட்டவில்லை. சக்கரத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, தோள்பட்டை இழுக்கும் வரை நீட்டினேன். லீவருக்கும் என் விரலுக்கும் நடுவில் இன்னும் ஒரு கை நீளம் இருந்தது. பாராட்டுக் கடிதம் வாங்கிய ஆள், இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு, ஒன்றையும் பிடிக்க முடியாமல் அவர்கள் முன்னால் நின்றேன். மேனேஜர் லீவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அறிவிப்புப் பலகையில் தான் ஒட்டிய தாளை நினைத்தாரோ என்னவோ, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் கையை இறக்கவில்லை. இறக்கத் தோன்றவில்லை. “அன்னிக்கு போன்ல முடியும்னு நான்தான் சொன்னேன்” என்றேன். அதை மச்சானைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

கதவோரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் எனக்குப் பின்னால் நடந்து மெஷினைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். கட்டுப் போட்ட கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, இடது கையை லீவரில் வைத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு முறை மாற்றிப் பிடித்தார். அவர் எழுதிக் கொடுத்த தாள் அந்த நிமிடத்தில் பொய்யாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

“பிடிச்சிருக்கியா மாப்ள?” என்றார்.

எத்தனை ஆயிரம் முறை கேட்ட கேள்வி. அந்தப் புதன்கிழமை இதே இடத்தில் நின்று இதைக் கேட்க அவருக்கு ஆள் இல்லை. ஆள் கேட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். நான் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மச்சான் லீவரைத் தூக்கவில்லை. என் பதில் காதில் விழாமல் அவர் தூக்க மாட்டார். லீவரில் வைத்த கையை எடுக்காமல், எதிர்ப்பக்கம் காத்துக்கொண்டு நின்றார்.